பட்டினச்சேரி ஏலத்தில் நான் கேட்காத விலை

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டவர்கள், தலைப்பையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்: பட்டினச்சேரி இறால் திட்டம். ஏற்றுமதிச் சான்று தரும் நம் காரைக்கால் கிளையின் பெருமைக்குரிய வேலை என்று அது இன்றும் அலுவலகத்தில் பேசப்படுகிறதாம். அந்தத் திட்டத்தின் நடைமுறையை வகுத்தவன் நான்தான். ஆகவே எழுத ஒப்புக்கொண்டேன். அவர்கள் எதிர்பார்க்கும் விதத்தில் எழுத முடியுமா என்று மட்டும் சொல்லவில்லை.

என்னைத் தெரிந்தவர்கள் என்னிடம் கேலி செய்யும் விஷயம் ஒன்று உண்டு. எந்தச் சம்பவத்தையும் ஆண்டும் மாதமும் சேர்க்காமல் எனக்குச் சொல்ல வராது. கல்யாணங்கள், வெள்ளங்கள், மேலதிகாரிகளின் இடமாற்றங்கள் எல்லாமே எனக்குள் வரிசையாக இருக்கின்றன. இந்தக் கதையின் ஆண்டுகளும் அப்படித்தான் இருக்கின்றன. அவற்றை மறந்துபோகும் வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் சலுகை எது என்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பணக்கார நாடுகள் ஒரு முடிவுக்கு வந்தன. ஏழை நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு இறக்குமதித் தீர்வையைக் குறைத்துக்கொள்வது என்பது அந்த முடிவு. சரக்கு விற்கும், விற்றால் வேலை பெருகும், வேலை பெருகினால் நாடு முன்னேறும் என்பது கணக்கு. ஆனால் சரக்கு உண்மையிலேயே ஏழை நாட்டில் விளைந்ததா, செய்யப்பட்டதா, பிடிக்கப்பட்டதா என்று அந்த நாட்டு அதிகாரி ஒருவர் சான்று தர வேண்டும். காரைக்காலில் அந்த அதிகாரி நான். கையெழுத்தும் முத்திரையும் என்னுடையவை.

நான் நிறையப் படிக்கிறவன். கடன் கொடுப்பதைவிட அவர்களுடைய சரக்கை வாங்கிக்கொள்வதுதான் ஏழைகளுக்கு மரியாதையான உதவி என்று படித்திருந்தேன். அதை முழுமனதோடு நம்பவும் செய்தேன். சான்றிதழ் எழுத உட்காரும்போது கோயில் வேலை செய்கிற மாதிரி ஓர் எண்ணம் இருக்கும். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், சலுகை என்பதைக் காரைக்கால்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுச்சேரி ஆட்சிப் பகுதி என்பதால், பூவம் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தால் பல சாமான்களுக்கு வரி குறைவு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து சாமான் வாங்கிப்போவார்கள். வரி குறைந்த அளவுக்கு விலையும் குறைந்திருக்கிறதா, இல்லை நடுவில் கடைக்காரரிடம் நின்றுவிட்டதா என்று கோட்டுச்சேரி பஸ்ஸில் தினமும் ஒரு வாக்குவாதம் நடக்கும். கோட்டுச்சேரியில்தான் என் வீடு. நானும் அந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் அலுவலகம் போனேன். வாக்குவாதம் காதில் விழுந்தது. என் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

1976 ஆவணியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி பட்டினச்சேரிக்கு அருகில் இறால் உரிக்கும் கொட்டகை ஒன்றைப் போட்டது. பட்டினச்சேரி மீனவர் ஊர். இறாலைச் சலுகையில் அனுப்பக் கம்பெனிக்கு ஆசை. எனக்கும் ஆசை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஆழ்கடலில் பிடித்த மீன் என்றால், நம் நாட்டுப் படகு பிடித்தது என்று நிரூபிக்க வேண்டும். அப்போது அயல்நாட்டுக் கப்பல்களும் நம் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சரக்கு இதில் கலந்துவிடக் கூடாது. எந்தக் கூடை எந்தப் படகிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பட்டினச்சேரியிலோ கரையில் ஏலம். படகு வந்ததும் மணலில் கூறு கட்டிக் குவிப்பார்கள். ஏலக்காரர் கலியபெருமாள் விலை கூவுவார். நாகப்பட்டினத்து வியாபாரிகள், நாகூர் வியாபாரிகள், தலையில் சுமந்து விற்கும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் போட்டி போட்டுக் கேட்பார்கள். ஏலம் முடிந்ததும் சரக்கு கலந்துவிடும். பத்துப் படகு இறால் ஒரே ஐஸ் பெட்டிக்குள் போகும். அப்புறம் எது எந்தப் படகு என்று கடல்தாயைத்தான் கேட்க வேண்டும்.

நான் கண்டுபிடித்த வழி எளிது. இறாலுக்கு மட்டும் ஏலத்தை நிறுத்திவிடுவது. படகிலிருந்து கூடை நேராகக் கொட்டகைக்குப் போகும். கூடையில் படகின் பெயர்ச்சீட்டு இருக்கும். கலப்பே இல்லை. சுத்தமான சான்று.

ஊர்க்கூட்டம் மாரியம்மன் கோயில் வாசலில் கூடியது. ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். வயதானவர், குரல் உயர்த்தாதவர்.

"ஏலம் எங்க பாட்டன் காலத்துலேருந்து நடக்குதுங்க. அத நிறுத்திட்டா வெல யாருங்க சொல்றது?" என்று கேட்டார்.

"கம்பெனி சொல்லும். ஏல விலைக்கு மேலயே சொல்லும்" என்றேன்.

"மேல சொல்றதுக்கு அவங்களுக்கு என்ன வேண்டுதலா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "வெளிநாட்டுல தீர்வை குறையுதுல்ல நாட்டாரே. குறைஞ்சது இங்கதானே வரும்" என்றேன்.

அந்த 'வரும்' எந்தப் புத்தகத்திலும் எந்த ஆணையிலும் இல்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அஞ்சம்மாள் எழுந்தாள். ஏலத்தில் கூறு எடுத்துத் திருமலைராயன்பட்டினம் வரை சுமந்து விற்பவள். வாய் பெரியது, மனசும் அப்படி.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். போன வருசம் என் கருவாட்டுல மண்ணு கெடக்குன்னு ஒருத்தன் தள்ளிவிட்டப்ப, இவருதான் பிரிச்சுக் கொட்டிப் பாத்து நல்ல சரக்குன்னு எழுதிக் குடுத்தாரு."

"ஏன்டி, சாருக்கு நீ மச்சினிச்சி மொறையா? இம்புட்டுப் பரிஞ்சு பேசுற?" என்று சின்னப்பொண்ணு என்ற இன்னொருத்தி கேட்டாள்.

"ஆமாடி. ஒனக்கு மாமன் மொற. எந்திரிச்சுக் கும்பிடு" என்றாள் அஞ்சம்மாள். பிறகு சிரிப்பு அடங்கியதும் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்: "வெல கொறஞ்சா என்ன வந்து கேளுங்கடி. நான் பொறுப்பு."

அங்கே ஊர் ஒன்றை ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான். தனி ஆள் விலகி நிற்க முடியாது. இறால் ஏலம் மறுநாள் நின்றது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் முதல் இரண்டு பருவமும் நன்றாகவே போனது. கம்பெனி நல்ல விலை கொடுத்தது. கொட்டகையில் இறால் உரிக்கும் வேலை பெண்களுக்குக் கிடைத்தது. பக்கத்தில் ஐஸ் ஆலை வந்தது. மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. என் நடைமுறையை மற்ற கிளைகளுக்கும் அனுப்பினார்கள். சலுகை ஏழைகளுக்கு உதவுமா என்று அந்த நேரத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், கொட்டகை வாசலுக்கு அழைத்துப்போய்க் காட்டியிருப்பேன்.

அப்போது என் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். அதிகம் பேசாதவர், ஓய்வு பெறும் வயது. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"படகு தெரியுது. கூடை தெரியுது. நல்லா இருக்கு. வாங்குறவங்க எத்தனை பேர்?"

"ஒருத்தர்தான் சார். அதனாலதான் கலப்பு இல்லை."

"ம்" என்றார். அவ்வளவுதான். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

1979 வாக்கில் விலை ஏறாமல் நின்றது, பிறகு இறங்கியது. நாகப்பட்டினத்தில் ஏலத்தில் போகும் விலைக்குக் கீழே போனது. படகுக்காரர் வீட்டுப் பெண்கள் அஞ்சம்மாளைக் கேட்டார்கள். அவள் என்னைக் கேட்டாள். நான் கம்பெனி முதலாளியைக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"சார், தீர்வை கட்டுறது யாரு? அங்க இறக்குமதி பண்றவரு. அப்ப கொறஞ்சது யாருக்கு? அவருக்குத்தான். நமக்கும் கொஞ்சம் விடுங்கன்னு கேட்டேன், மொதல்ல விட்டாரு. இப்ப விட மாட்டேங்கிறாரு. சான்றோட சரக்கு அனுப்ப அவருக்கு வேற ஊர் நெறைய இருக்கு."

"அதுக்காக இங்க விலையை இறக்குறீங்களே?"

"வேற எங்க சார் எறக்குறது? இங்கதான் என்னத் தவிர வேற ஆள் இல்ல."

டீ ஆறிப்போனது. பத்துப் பதினைந்து வருடம் பஸ்ஸில் கேட்ட வாக்குவாதம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வரி எங்கே குறைகிறதோ அங்கே நிற்கிறவர் கைக்குத்தான் அது முதலில் போகிறது. அவர் கையிலிருந்து கீழே இறங்க வேண்டுமானால், கீழே இருப்பவனுக்கு இன்னொருவரிடம் போகிறேன் என்று சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும். பட்டினச்சேரிக்கு அந்த வாய்ப்பு ஏலத்தில்தான் இருந்தது. சுத்தமான சான்றுக்காக அதை நான் நிறுத்தியிருந்தேன்.

1982இல் இன்னொன்று வந்தது. ஏழை நாடுகளிலும் மிக ஏழை நாடுகள் என்று தனிப் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. அவற்றுக்குச் சலுகை அதிகம். நம் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. வங்கக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாங்கினால் லாபம் என்று கம்பெனியிடம் வாங்கிவந்த அந்த வெளிநாட்டு இறக்குமதிக்காரர் முடிவு செய்துவிட்டார். கம்பெனி கொள்முதலைப் பாதியாக்கியது, விலையையும் இறக்கியது. இதைக் கரையில் நின்று விளக்க வேண்டியவன் நான்.

"எங்கள விட ஏழையா? எங்க சார் இருக்காங்க? ஆளக் காட்டுங்க, போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வர்றோம்" என்றாள் சின்னப்பொண்ணு. எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சம்மாள் சிரிக்கவில்லை.

"அவங்களுக்காவது வருமா சார்?" என்று கேட்டாள்.

"வரும்னுதான் நினைக்கிறேன்."

"அன்னிக்கும் இப்புடித்தான் சார் சொன்னீங்க" என்றாள். கோபம் இல்லை. நினைவூட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

இறால் ஏலத்தை மறுபடி தொடங்குவது என்று ஊர் தீர்மானித்தது. கம்பெனி ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது: ஏலம் கூடினால் எடுத்தவருக்குச் சரக்கு, ஏலம் கூடாவிட்டால் கூடை கம்பெனிக்கு, கம்பெனி விலையில். நியாயமாகத்தான் பட்டது. பட்டினச்சேரி ஏலத்தின் வழக்கம் ஒன்றை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அங்கே ஒருவர் மட்டும் விலை கேட்டால் ஏலம் கூடியதாகக் கணக்கில்லை. 'ரெண்டு வாய் கேக்கணும்' என்பார்கள். யாராவது வேண்டியவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல வழக்கம். ஏலம் நடந்த காலமெல்லாம் அதற்கு வேலை வந்ததே இல்லை. கேட்க ஆள் நிறைய இருந்தார்கள்.

1982 புரட்டாசி. விடிந்து நேரமாகியிருந்தது. படகின் பெயர்ச்சீட்டுகளைச் சரிபார்க்க நானும் கரையில் நின்றேன். கலியபெருமாள் ஈர மணலில் ஒரு கூறு வெள்ளை இறாலைக் குவித்துவிட்டுக் கூவினார். நாகப்பட்டினத்து வியாபாரிகள் வரவில்லை. இறால் ஏலம் நின்றதும் மற்ற மீனுக்காக வருவதையும் விட்டவர்கள், வேறு கரைகளுக்குப் பழகிவிட்டார்கள். நாகூர்க்காரர்களும் வரவில்லை. பெண்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். பலருக்கு மறுபடி தலைச்சுமைக்குப் போகத் தைரியம் வரவில்லை. சிலருக்கு அஞ்சம்மாள் மேல் மனத்தாங்கல்.

அஞ்சம்மாள் மட்டும் முன்னால் வந்து ஒரு விலை கேட்டாள். கம்பெனி விலைக்கு மேல்.

"அதுக்கு மேல? கேக்குறவங்க கேளுங்க!" கலியபெருமாள் சுற்றிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

"ஒத்த வாயிக்கு நான் தரம் போட முடியாது அஞ்சம்மா. ஒனக்குத் தெரியாததா?"

"இருங்கண்ணே. யாராச்சும் கேப்பாங்க."

"பொறுப்புன்னு சொன்னவ, நீயே எல்லாத்தையும் எடுத்துக்கடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருத்தி, "அதான் சார் நிக்கிறாருல்ல, அவரக் கேக்கச் சொல்லு" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள்.

அஞ்சம்மாள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கூடை காலடியில் தயாராக இருந்தது.

"சார். ஒரு வார்த்த கேளுங்க சார். எந்த வெலயாச்சும் சொல்லுங்க. நான் மேல கேட்டு எடுத்துக்குவேன், ஒங்க தலையில வுழாது. ரெண்டு வாயின்னு ஆயிடுச்சுன்னா இவளுகளும் வருவாளுக."

நாட்டார் என்னைப் பார்த்தார். கலியபெருமாள் என்னைப் பார்த்தார். கம்பெனி ஆள் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்று தரும் அதிகாரி அந்தச் சரக்கை வாங்கவோ விலை கேட்கவோ கூடாது. அது விதி. நல்ல விதியும்கூட. நீங்களும் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் கேட்பது பொய்யான கேள்வி என்பதும் எனக்குத் தெரியும். கம்பெனி ஆள் மேலிடத்துக்கு எழுதினால் என் வேலைக்கு ஆபத்து. இவை எல்லாமே சரிதான். ஆனாலும் அந்த நேரத்தில் நான் இவற்றையெல்லாம் எடைபோட்டு முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். நான் கையிலிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்தேன். அதில் படகின் பெயர் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அதை மறுபடி மறுபடி படித்தேன்.

கலியபெருமாள் கொஞ்சம் காத்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார். பிறகு, "ஏலம் கூடல" என்று மெதுவாகச் சொன்னார். கம்பெனி ஆள் எழுந்து வந்து இறாலை அள்ளிக்கொண்டார். அஞ்சம்மாள் காலிக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊருக்குள் போனாள். அன்று சாயங்காலம் அந்த இறாலுக்கு நான்தான் சான்று எழுதினேன். பிழையில்லாத சான்று.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. கூட்டத்தின் நடுவிலேயே, ஏலத்தை நிறுத்தச் சொன்னது என் தவறு, ஒத்தைக் குரலையும் இந்தப் பருவத்துக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நாட்டாரிடம் கேட்டிருக்கலாம். அதற்கு விதி குறுக்கே நின்றிருக்காது. நாகூர் வியாபாரிகளிடம் முன்னதாகவே போய், ஏலம் தொடங்குகிறது வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. அதிகாரி என்றால் விதிக்குள் நிற்கும் வரை நல்லவன் என்று இருந்துவிட்டேன்.

ஒரு பருவம் முழுக்கக் கரையில் இறால் ஏலம் கூடவில்லை. அடுத்த வருடம் கோட்டுச்சேரிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் மீன் விற்கும் ஒருவர், இங்கே சரக்கு மலிவு என்று கேள்விப்பட்டு வந்து நின்றார். பின்சீட்டில் ஒரே ஒரு பெட்டி. அவர் தன் பாட்டுக்கு ஒரு விலை கேட்டார். அஞ்சம்மாள் மேலே கேட்டாள். கலியபெருமாள் இறாலுக்கு ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவியதை அந்த ஊர் மறுபடி கேட்டது. பிறகு சின்னப்பொண்ணு வந்தாள், மற்றவர்கள் வந்தார்கள், மெல்ல நாகூர்க்காரர்களும் வந்தார்கள். அந்தச் சைக்கிள்காரர் எங்கள் தெருவுக்கும் மீன் கொண்டுவருவார். அவரிடம் என் மனைவி பேரம் பேசும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1985இல் சென்னையில் ஒரு பயிற்சி முகாம். வங்கக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார். அந்த மிக ஏழை நாடுகளின் பட்டியலில் இருந்த நாடு. என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். என் நடைமுறை எப்படியோ அவர்கள் கைக்கும் போயிருந்தது. தாங்களும் கரையோர ஏலத்தை நிறுத்திவிட்டதாகவும், இப்போது கலப்பே இல்லை என்றும் சந்தோஷமாகச் சொன்னார். எங்கள் மேலிடத்து ஆட்கள் பக்கத்தில் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"ஒருவர்தான்" என்றார்.

நான் "ம்" என்றேன்.

அந்த 'ம்' என் வாயிலிருந்து வந்த பிறகுதான், என் பழைய மேலதிகாரி ஜீப்பில் ஏறும்முன் சொன்ன 'ம்' என்னவென்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவரும் சொல்லாமல் போயிருக்கிறார். அவங்களுக்காவது வருமா சார் என்று அஞ்சம்மாள் கேட்டதற்குப் பதில் அன்றைக்கு என் எதிரில் நின்றுகொண்டிருந்தது. அதை மாற்ற ஒரு நிமிடமும் கிடைத்தது. சுற்றி ஆட்கள் நின்றதால் அந்த நிமிடத்தையும் விட்டுவிட்டேன்.

ஏழை நாடுகளுக்கு வணிகச் சலுகை பயன்படுமா என்று உங்கள் வகுப்பில் பெரியவர்கள் பேசுவார்கள். இரண்டு பக்கமும் நல்ல வாதங்கள் உண்டு, கேளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒரு கரைதான். அங்கே அது பயன்பட்டது, பிறகு பயன்படவில்லை. இடையில் மாறியது வாங்குகிறவர்களின் எண்ணிக்கை. கூடை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள், அதற்குத்தான் சம்பளம். அந்தக் கூடைக்கு விலை கேட்க எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் கேளுங்கள். ஒருவர் என்று பதில் வந்தால், தயவு செய்து "ம்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

1988 ஆனியில் ஓய்வு பெற்றேன். மறுநாள் காலை பஸ் ஏறிப் பட்டினச்சேரிக்குப் போனேன். கரையில் கூட்டம், கூச்சல். கலியபெருமாளின் மகன் கூவிக்கொண்டிருந்தான். அஞ்சம்மாள் முன்வரிசையில் நின்றாள், தலை நன்றாக நரைத்திருந்தது. ஒரு கூறு வெள்ளை இறால் ஏலத்துக்கு வந்தது. இனி எனக்கு எந்த விதியும் தடையில்லை. வாயைத் திறந்து ஒரு விலை கேட்டேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். அஞ்சம்மாளும் திரும்பினாள். ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க சார், நல்லாருக்கீங்களா?" என்றாள். "இப்பக் கேக்குறதுக்கு நெறைய ஆளு இருக்கு சார். நீங்க கறிக்கு வேணுமுன்னா சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்."

அதற்குள் வேறொருவர் எனக்கு மேலே கேட்டிருந்தார்.